மாத்திரை ஒத்துக்கலன்னா கவுண்டருக்குத்தான் வர்றாங்க

மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். மாத்திரை ஒத்துக்கலன்னா ஜனங்க திரும்ப டாக்டர்கிட்ட போறதில்ல, டோக்கன் போட்டு ஃபீஸ் கட்டி யாரு உக்கார்றது, நேரா நம்மகிட்டதான் வர்றாங்க. "தம்பி, புது பிரஷர் மாத்திரை போட்டதுலேர்ந்து கால் வீங்குது", "வறட்டு இருமல் விடவே மாட்டேங்குது, ஒரு சிரப் குடுப்பா". அம்லோடிபின்னா கால் வீக்கம், எனலாப்ரில், ராமிப்ரில்னா இருமல், டி.ஃபார்ம் படிச்ச பையனுக்கே இது தெரியும். ஆனா நடக்கறது என்ன, இருமலுக்கு சிரப், வீக்கத்துக்கு நீர் மாத்திரை, பில்லு, அவ்ளோதான். இந்த மருந்தால இப்படி ஆச்சுன்னு எங்கயும் ஒரு வரி பதிவாகாது.

அதனால பார்மசிஸ்டுங்களுக்கு விழிப்புணர்வு இல்லன்னு சொல்லி செமினார் வச்சு டீ பிஸ்கட் குடுத்து அனுப்புறதுல எனக்குப் பெருசா நம்பிக்கை இல்ல. பார்மகோவிஜிலன்ஸ்னா, அதாவது மருந்தோட பக்கவிளைவுகளக் கண்காணிக்கறதுன்னா, என்னன்னு கேட்டுப் பாருங்க, கர்ப்பிணிங்க போட்டு குழந்தைங்க ஊனமா பொறந்த தாலிடோமைட் மாத்திரை கதைலேர்ந்து ஆரம்பிச்சு 2010ல நம்ம நாட்டுல அதுக்கான புரோகிராம் தொடங்கினது, அடுத்த வருஷம் அது காசியாபாத்ல இருக்கற, மருந்துகளோட தரத்த வகுக்கற இந்தியன் பார்மகோபியா கமிஷனுக்கு மாறினது வரைக்கும் ஒப்பிப்பாங்க. ரியாக்ஷன ரிப்போர்ட் பண்ற ஃபார்ம் ஒண்ணு நிரப்பி அனுப்பிருக்கீங்களான்னு கேட்டாத்தான் சத்தம் வராது. இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல, பல நாட்டுல நடந்த 37 ஆய்வுகள சேர்த்துப் பாத்து 2006ல வந்த கட்டுரைல, ரிப்போர்ட் ஆகாம போறதோட மீடியன் (நடு மதிப்பு) 94 சதவீதம்னு இருந்துச்சு.

பின்ன என்னதான் தடுக்குது? மருந்துதான் காரணம்னு நாம நிரூபிக்கணும்னு பலர் நினைக்கிறாங்க. தேவையே இல்ல, சந்தேகம் போதும். ரிப்போர்ட் அனுப்பினதுனாலயே மருந்தோ கம்பெனியோ டாக்டரோதான் காரணம்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்லன்னு ஃபார்ம்லயே அச்சடிச்சிருக்கு (அந்தப் பொடி எழுத்த யாரு படிக்கிறா). அடுத்தது பக்கத்து கிளினிக் டாக்டர். கடைக்கு வர்ற சீட்டுல பாதி அவரோடது, அவர் எழுதின மருந்துக்கு ரியாக்ஷன்னு நாம எழுதினா மூஞ்சில முழிக்க முடியுமான்னு ஓனருக்கு பயம்.

ஆனா உண்மையான காரணம் இது ரெண்டும் இல்லன்னு நான் நினைக்கிறேன். செட் மாத்திரை. காய்ச்சல், உடம்பு வலின்னு வந்தா சீட்டு இல்லாம நாலு மாத்திரைய கவர்ல போட்டுக் குடுக்கிறோமே, அதுல ஒருத்தருக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சுன்னா எழுதறதுக்கு எந்த பார்மசிஸ்டுக்கு கை வரும்? சர்டிபிகேட்ட வாடகைக்கு விட்டுட்டு கடைப்பக்கமே வராதவரப் பத்தி சொல்லவே வேணாம்.

எழுதினா என்ன ஆகும்ங்கறதுக்கு மெஃபனமிக் ஆசிட் நல்ல உதாரணம். பீரியட்ஸ் வலிக்கு மெஃப்டால்னு பேர் சொல்லியே வாங்கிட்டுப் போறாங்கல்ல, அதுக்குள்ள இருக்கறது. 2023 நவம்பர் 30ஆம் தேதி கமிஷன் அதுக்கு ஒரு அலர்ட் விட்டாங்க, டிரெஸ் சின்ட்ரோம்னு காய்ச்சல், தடிப்பு, நெறி கட்டுறது, லிவர் மாதிரி உள்ளுறுப்பு பாதிக்கிறது எல்லாம் சேர்ந்து வர்ற ஒரு ரியாக்ஷன். புரோகிராமுக்கு வந்த ரிப்போர்ட்டுகள அலசினதுலதான் அது தெரிய வந்துச்சு. அது மாத்திரை போட்டு ரெண்டுலேர்ந்து எட்டு வாரம் கழிச்சு வரக்கூடியது, அதுக்குள்ள மாத்திரை போட்டதையே அந்தப் பொண்ணு மறந்திருக்கும், கேக்க வேண்டியவன் கவுண்டர்ல நிக்கிற ஆளு.

இன்னொன்னு, அட்டைய வெட்டிக் குடுக்கற பழக்கம். பேரும் பேட்ச் நம்பரும் இருக்கற பக்கம் கடையிலயே தங்கிடும். லூஸ் மோஷனுக்கு மாத்திரை போட்டா ஒவ்வொரு தடவையும் உதட்டுல அதே இடம் கறுத்துப்போகுதுன்னு ஒரு அக்கா வந்து நிப்பாங்க, மெட்ரோனிடசோல் வகைல இது நடக்கும்னு நமக்குத் தெரியும், ஆனா என்ன மாத்திரைன்னு கேட்டா "வெள்ளையா, உருண்டையா". செட் கவர்னா கேக்கவே வேணாம். மாத்திரை பேரையாவது கவர் மேல பேனாவால எழுதிக் குடுங்கப்பா.

அனுப்பறது அப்படி ஒண்ணும் கஷ்டமில்ல. நோயாளி யாரு (இனிஷியல், வயசு போதும், முழுப்பேர் வேணாம்), என்ன மருந்து, என்ன ஆச்சு, சொல்றது யாரு, இந்த நாலு இருந்தா ரிப்போர்ட்தான். 1800 180 3024க்கு போன் பண்ணலாம், டோல் ஃப்ரீ. மெடிக்கல் காலேஜ் பக்கத்துல இருந்தா அங்க இருக்கற மானிட்டரிங் சென்டர்லயும் குடுக்கலாம். நோயாளிங்களே நிரப்ப தனி ஃபார்ம் தமிழ்லயே இருக்கு, பிரிண்ட் எடுத்து பில் புக்கு பக்கத்துல வச்சா கேக்கறவங்களுக்குக் குடுக்கலாம். பேட்ச் நம்பர் தெரியலன்னாலும் பரவால்ல, அனுப்புங்க.