கேசட்டின் ஜாதகம்

பழைய கச்சேரி கேசட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றுவது என் வேலை. பாட்டைக் கேட்பதற்கு முன்பே அதன் ஸ்பெக்ட்ரோகிராமைத் திரையில் விரித்துவிடுவேன். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், ஒலி பலமாக உள்ள இடத்தில் வெளிச்சம். அவ்வளவுதான். ஆனால் கேசட்டைக் கொண்டுவந்தவருக்கே தெரியாத சங்கதிகள் அதில் கிடைக்கும்.

"சபாவில் நேரிலேயே பதிஞ்சது சார்" என்பார்கள். படத்தில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. 9-இல் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு ஓடும். அப்படியென்றால் வானொலியின் மத்திய அலையில் பிடித்தது. நிலையங்களுக்கு நடுவே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. இரவில் பக்கத்து நிலையம் எட்டிப்பார்த்தால் அந்தச் சீழ்க்கை விழும். பண்பலையில் பதிந்தது 15 வரை ஏறும். நல்ல டெக்காக இருந்தால் 19-இல் ஸ்டீரியோ ஒலிபரப்போடு சேர்த்து அனுப்பும் அடையாள ஒலியான பைலட் டோன்கூடத் தெரியும்.

15,625 ஹெர்ட்ஸில் நேர்க்கோடு என்றால் பக்கத்தில் பழைய டிவி ஓடியிருக்கிறது. ஒரு பிரேமுக்கு 625 வரி, நொடிக்கு 25 பிரேம், பெருக்கிப் பாருங்கள். ஐம்பது தாண்டிய என் காதுக்கு அந்த ஒலி எப்போதோ எட்டாமல் போய்விட்டது. கண்ணுக்கு எட்டுகிறது.

இந்தக் கோடுகளால் பெரிய உபகாரம் உண்டு. கேசட் ஓடும் வேகம் 6 சதவீதம் கூடினால் பாடகரின் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். மின்சாரத்தால் பதிவில் விழும் 'ம்ம்' என்ற இரைச்சலான ஹம், 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது. 52-இல் தெரிந்தால் வேகம் 4 சதவீதம் அதிகம் என்று கணக்கிடலாம். சில சமயம் இரண்டு கோடுகள் இருக்கும்: அசையாமல் 50-இல் நிற்பது என் அறையின் ஹம், விலகி நெளிவது நாடாவில் பதிந்தது. ஆனால் தொண்ணூறுகளின் மின்சாரத்தை நம்பி சுருதி சேர்க்க முடியாது, அதுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம். டிவி கோடு கிடைத்தால் நிம்மதி. அது நிலையத்தின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது.

வேகம் சரியானதும் ஹம்மை நீக்க வேண்டும். இங்கேதான் படம் ஆளை ஏமாற்றும். 2 கட்டையில் பாடும் ஆண் குரலின் ஷட்ஜம் சுமார் 147 ஹெர்ட்ஸ். ஹம்மின் மூன்றாம் மடங்கு 150. எஃப்எஃப்டி அளவை, அதாவது ஒரு தடவைக்கு எத்தனை ஒலி மாதிரிகளை எடுத்து அலசுவது என்பதை, 4,096 என்று வைத்தால் இரண்டும் ஒரே தடித்த கோடாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் அதைப் பிரஷ்ஷால் வழித்துவிடுவார்கள், தம்பூரா செத்துப்போகும். 32,768-க்கு ஏற்றினால் கோடுகள் பிரியும், ஆனால் ஒரு தடவை அலசும் துண்டு முக்கால் நொடி நீண்டுவிடும், மிருதங்கத்தின் தனித்தனிச் சொற்கள் குழம்பாகிவிடும். ஒன்றைத் துல்லியமாகப் பார்த்தால் இன்னொன்று கலங்கும். மென்பொருளின் குறை இல்லை, கணிதமே அப்படி. அதனால் ஒரே பாட்டை இரண்டு அளவிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன்.

50, 100 இரண்டையும் தாராளமாகக் குறைப்பேன். 150-ஐப் பாதிக்குமேல் தொடமாட்டேன். திரையைப் பார்த்துவிட்டு "கோடு இன்னும் இருக்கே சார்" என்று கேட்பவர்களுக்கு, மானிட்டரை அணைத்துவிட்டு ஹெட்போனைக் கொடுத்துவிடுவது வழக்கம்.