பட்டன் விழுகிறது, எர்த் எங்கே?

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டின் பின்பக்கம் ஒரு அடுப்படியோ அறையோ கூட்டிக் கட்டுவது இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சாதாரணம். வயரிங் முடிந்ததும் சோதித்துக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிடுவார்கள். "புதுசா போட்டத மட்டும் பாத்தா போதும் சேர்" என்பார்கள். நான் பழைய வீட்டிலிருந்துதான் தொடங்குவேன். புது அறைக்குக் கரண்ட் வருவதும், கோளாறு வந்தால் அது மண்ணுக்குப் போக வேண்டியதும் பழைய வீட்டு வழியாகத்தானே.

போன மழைக்காலத்தில் பார்த்த ஒரு வீட்டில் புது வேலை அவ்வளவு சுத்தம். வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் கருவியில் ஒரு குறையும் இல்லை. வயரிங் செய்த தம்பி, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமுக்கினார், டக்கென்று விழுந்தது.

"எல்லாம் சரிதானே சேர்?"

"எர்த் கம்பி எங்க இறங்குது தம்பி?"

பச்சை வயர் பின்சுவரோடு இறங்கி, புதுச் சீமெந்துத் தரைக்குள் மறைந்திருந்தது. அளந்தால் எர்த்தே இல்லை. அத்திவாரம் வெட்டும்போது அறுபட்டு, அதன் மேலேயே கொங்கிரீட்டும் விழுந்துவிட்டது.

பட்டனை நம்பித்தான் பல வீடுகள் ஏமாறுகின்றன. அது ட்ரிப் சுவிட்சுக்குள்ளேயே கொஞ்சம் கரண்டைத் திருப்பிவிட்டுப் பார்க்கிறது. எர்த் இல்லாவிட்டாலும் விழும். எர்த் நன்றாக இருந்தால், ஃப்ரிஜ்ஜின் தகட்டுக்குக் கரண்ட் கசிந்ததுமே ட்ரிப் விழுந்துவிடும். இல்லாவிட்டால் தகட்டில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு யாராவது கதவைத் தொடும்போதுதான் அது மண்ணுக்குப் போகும், அவர் உடம்பு வழியாக. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் அந்த நேரம் விழலாம். அதற்காக ஒரு பிள்ளையின் கையை எர்த் கம்பியாக விட முடியுமா?

கூரைத் தகரத்துக்கே காசு முடிந்துவிட்டது என்று வீட்டுக்கார அக்கா கண் கலங்கினார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் எர்த் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மலைநாட்டில் இன்னொரு தொல்லை, பாறை. பச்சை வயரைப் பொருத்த மண்ணுக்குள் அடிக்கிற எர்த் கம்பி முழுசாக இறங்காவிட்டால் பாதியை வெட்டிவிட்டு மூடிவிடுவார்கள். வேறு இடம் தேடினோம். தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில், கூரைத் தண்ணீர் வடிகிற மண்ணில் முழுக் கம்பியும் இறங்கியது. மறுபடி அளந்தேன், நல்ல ரீடிங். அப்புறம் புது அறையின் ஒவ்வொரு பிளக் பொயின்ட்டிலும் எர்த் வழியாகவே கசிவு கொடுத்து ட்ரிப்பை விழ வைத்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

கம்பியும் வயரும் சேரும் இடத்தைப் பூசி மூடாமல், மூடி போட்ட சின்னக் குழியாக விடச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு அறை எடுக்கும்போது மேசன் பாஸுக்கு அது கண்ணில் பட வேண்டும்.