கழற்றிப் பார்த்தால்தான் தெரிகிறது

ஜூன் 3
புது டிஸ்க் இரண்டு, தலா 2 டிபி. லினக்ஸ் நிறுவும்போதே ரெய்ட் 1 போட்டுவிட்டேன். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். முதல் ஒத்திசைவு நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓடுகிறது; முடியக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆகும். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, கணினியில் வேலை பார்க்கலாம். நான்தான் சதவீதம் ஏறுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 4
ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில், டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு ‘யூ’வும் வந்துவிட்டன. இரண்டு டிஸ்க்கும் நலம். ஒரு டிஸ்க் போனாலும் கணினி எழுகிறதா என்று பார்க்க, அதை அணைத்து முதல் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினேன். பூட் செய்ய எதுவும் இல்லை என்று கருப்புத் திரையில் ஒரு வரி. அவ்வளவுதான்.

ஜூன் 5
காரணம் பிடிபட்டது. கணினியை முதலில் எழுப்பும் மதர்போர்டு மென்பொருளான யூஇஎஃப்ஐக்கு, லினக்ஸ் போட்ட இந்த ரெய்ட் என்றால் என்னவென்றே தெரியாது. ஃபாட் என்ற எளிய கோப்பு வடிவில் உள்ள, துவக்கக் கோப்புகளுக்கான ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேடும்; அதிலுள்ள கிரப்பை, அதாவது லினக்ஸைத் துவக்கும் நிரலை, ஓட்டும். அந்தப் பார்ட்டிஷன் ரெய்டுக்கு வெளியே, முதல் டிஸ்க்கில் மட்டும் இருந்தது.

அதையும் ரெய்டில் சேர்க்க ஒரு தந்திரம் உண்டு. மெட்டாடேட்டா 1.0 என்ற வடிவில் போட்டால், ரெய்ட் தன்னைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்பு பார்ட்டிஷனின் கடைசியில் போய் உட்காரும். யூஇஎஃப்ஐ கண்ணுக்கு அது சாதாரண ஃபாட். ஆனால் யூஇஎஃப்ஐ தானாக ஒரு பக்கம் ஏதாவது எழுதிவிட்டால் இரண்டும் வேறுவேறாகிவிடும், லினக்ஸுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அது வேண்டாம். இரண்டாவது டிஸ்க்கில் தனி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டுக் கோப்புகளை நகலெடுத்தேன். நகல் மட்டும் போதாது; பூட் பட்டியலில் உள்ள பதிவு எந்தப் பார்ட்டிஷன் என்று அடையாள எண்ணோடு சொல்கிறது. அதனால் இரண்டாவதற்கும் ஒரு பதிவு சேர்த்தேன்.

ஜூன் 6
மறுபடி முதல் டிஸ்க்கைப் பிடுங்கினேன். கிரப் வந்தது, லினக்ஸின் மையமான கெர்னல் வந்தது, எனக்குச் சிரிப்பும் வந்தது. அப்புறம் 90 நொடி அப்படியே நின்று, அவசர நிலையில் கொண்டுபோய் விட்டது. துவங்கும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டாபில் இருந்த ஈஎஃப்ஐ வரி, பிடுங்கிய டிஸ்க்கின் பார்ட்டிஷனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே வரி! கிடைக்காவிட்டாலும் நிற்காதே என்று சொல்லும் ‘நோஃபெயில்’ என்பதை அங்கேயே சேர்த்து மறுபடி துவக்கினேன். எழுந்துவிட்டது, ஒற்றை ‘யூ’வோடு.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டியதும் தானாகச் சேரவில்லை. கட்டளை கொடுத்துச் சேர்த்தேன். எந்தப் பகுதிகள் மாறின என்று குறித்துவைக்கும் பிட்மேப் இருந்ததால் அவற்றை மட்டும் சரிசெய்து, சில நொடியில் முடித்தது.

ஜூன் 7
இன்று இரண்டாவது டிஸ்க்கைப் பிடுங்கிச் சோதித்தேன். பூட் ஆகிறது. எது எந்த டிஸ்க் என்று சீரியல் எண் எழுதி ஒட்டிவிட்டேன். கோளாறு வரும் நாளில் நல்ல டிஸ்க்கைக் கழற்றும் ஆள்தான் நான். கிரப் புதுப்பிக்கும்போதெல்லாம் இரண்டாவது ஈஎஃப்ஐக்கும் நகல் போக ஒரு சின்ன ஸ்கிரிப்ட்.

டிஸ்க் போனால் மின்னஞ்சல் வரும்படியும் அமைத்தேன். சோதனைக்கு ஒன்று அனுப்பினேன். வந்தது, ஸ்பாமுக்கு.