எல்லாம் தெரியும், நைட்டு மட்டும் பல்லு வெளக்க மாட்டோம்

மெடிக்கல், நர்சிங், பார்மசி, லேப் டெக்னாலஜி, எது படிக்கிற பசங்களா இருந்தாலும் சரி, சொத்தைப் பல் ஏன் வருதுன்னு கேட்டா கடகடன்னு ஒப்பிச்சுடுவாங்க. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்ங்கற கிருமி சர்க்கரைய தின்னுட்டு ஆசிட் விடும், பிளேக்ல, அதான் பல்லு மேல ஒட்டுற கிருமிப் படலத்துல, பிஹெச் (இது கொறயக் கொறய ஆசிட் அதிகம்) 5.5க்கு கீழ எறங்குனா பல்லோட வெளி ஓடான எனாமல் கரைய ஆரம்பிக்கும், வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல, கேட்டாக்கூட திக்காம வரும். அதே ஆளுகிட்ட நேத்து நைட்டு பல்லு வெளக்கிட்டா படுத்தேன்னு கேளுங்க, ஒரு இளிப்புதான் பதிலா வரும்.

இத்தனைக்கும் நைட்டுதான் முக்கியம், தூங்கும்போது எச்சில் ஊறுறது ரொம்ப கொறஞ்சுடும், ஆசிட்ட கழுவி விடவும் சமன் பண்ணவும் ஆள் இல்ல. அதுலயும் எக்ஸாம் டைம்ல சர்க்கரை போட்ட காபிய ஒரு மடக்கு ஒரு மடக்கா விடியிற வரைக்கும் உறிஞ்சிட்டே படிக்கிறது இருக்கே, ஒவ்வொரு மடக்குக்கும் பிஹெச் கீழ போய் மறுபடி மேல வர அரை மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள அடுத்த மடக்கு. ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சாக்கூட பல்லுக்கு அவ்ளோ கஷ்டம் இல்ல.

இந்த மாதிரி பழக்கத்தையெல்லாம் அளக்க ஹிரோஷிமா பல்கலைக்கழகத்துல உருவான ஒரு கேள்வித்தாள் இருக்கு, ஹெச்யூ-டிபிஐன்னு பேரு. 20 வாக்கியம், ஆமா இல்லன்னு டிக் போட்டா போதும். பல்லு வெளக்கும்போது ஈறுல ரத்தம் வருதா, வலி வந்தாதான் டாக்டர்கிட்ட போவியா, இப்படிப் போகும். நெறைய நாட்டுல மாணவர்களுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. டென்டல் பசங்க கிளினிக்ல நோயாளிய பாக்க ஆரம்பிச்ச வருஷங்கள்ல அவங்க பழக்கம் நல்லாவே மாறுறதுதான் பொதுவா தெரியவந்தது. புத்தகம் மட்டும் படிச்ச வருஷத்துல அவங்களும் மத்தவங்களும் ஏறக்குறைய ஒண்ணுதான். என்னைக் கேட்டா இதுல ஆச்சரியமே இல்ல, கெட்டுப்போன வாய கிட்டத்துல பாத்தாதான் கை தானா பிரஷ்ஷ தேடும்.

மத்த கோர்ஸ்ல நாம வாயவே பாக்குறதில்லையே. ஆ காட்டுங்கன்னு நாக்க அழுத்தி டான்சில பாத்துட்டு டார்ச்ச ஆஃப் பண்ணிடறோம், நடுவுல இருக்குற 32 பல்லும் கண்ணுலயே படாது. சுகரும் ஈறு நோயும் ஒண்ண ஒண்ணு மோசமாக்கும்னு எழுதி மார்க் வாங்கியிருப்போம், வார்டுல சுகர் பேஷன்ட் கால பாப்போம், கண்ண செக் பண்ணச் சொல்வோம், ஈறுல ரத்தம் வருதான்னு கேக்க மட்டும் தோணாது. ஐசியூல வென்டிலேட்டர்ல இருக்குறவங்களுக்கு வாய் சுத்தம் பண்றது நர்சிங் வேலைல முக்கியமான ஒண்ணு, அத ஒழுங்கா பண்ணிட்டு ரூமுக்கு வந்து அப்படியே கட்டில்ல விழுறவங்கள என்னன்னு சொல்ல!

இதுல எனக்குப் பிடிச்ச ஆராய்ச்சி 1965ல டென்மார்க்ல ஆர்ஹுஸ்ல ஹரால்ட் லோவும் அவர் கூட்டாளிங்களும் பண்ணது. 12 பேர், அதுல பெரும்பாலும் டென்டல் மாணவர்கள், பல்லு வெளக்குறதையே நிறுத்தச் சொன்னாங்க. ஆரோக்கியமா இருந்த ஈறுதான், ஆனா 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள அத்தன பேருக்கும் வீங்கிடுச்சு. திரும்ப சுத்தம் பண்ண ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல ஆச்சு, சரியாயிடுச்சு. படிப்பு யாரையும் காப்பாத்தல பாருங்க, பிளேக்குக்கு மார்க்ஷீட் தெரியாது.

ஆனா நம்மள்ல பாதிப் பேரு ரத்தம் வந்தா அந்த எடத்த தொடாம விட்டுடுவோம். தப்பு அதுதான். பெரும்பாலும் பிளேக் தங்கி ஈறு வீங்குனதாலதான் ரத்தம் வருது, சாஃப்ட் பிரஷ்ஷ ஈறு ஓரத்துல 45 டிகிரி சாச்சு மெதுவா அங்கயே சுத்தம் பண்ணணும், அப்பவும் நிக்கலன்னா டென்டிஸ்ட்ட பாக்கணும். ஃப்ளோரைடு பேஸ்ட்ல ரெண்டு நிமிஷம் தேச்சுட்டு துப்பிடுங்க, உடனே தண்ணி ஊத்திக் கொப்பளிச்சா ஃப்ளோரைடும் கூடவே போயிடும்.

ஃபர்ஸ்ட் இயர்லயே ஒரு பிராக்டிகல் கிளாஸ் வச்சு எல்லாருக்கும் பிளேக் காட்டுற கலர் மாத்திரைய மெல்லக் குடுக்கணும்னு நான் சொல்வேன். அழுக்கு எங்க எங்க ஒட்டியிருக்குன்னு கண்ணாடில பளிச்சுனு தெரியும், ரெண்டு மணி நேர லெக்சர்ல ஏறாதது அதுல ஏறும். நீங்களே வாங்கியும் போட்டுப் பாக்கலாம், ஆனா கலர் நாக்குலயும் உதட்டுலயும் ஒட்டிக்கும், வைவா அன்னைக்குக் காலைல மட்டும் வேணாம்.