சூப்பர்சார்ஜரின் வாயில் ஒரு டர்போ

பொள்ளாச்சியில் இருக்கும் என் மச்சானிடம் பழைய மெர்சிடிஸ் சி 200 ஒன்று உண்டு. 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும், பெல்ட்டால் சுழலும் சூப்பர்சார்ஜர் கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு வந்தது. எஞ்சினுக்குக் காற்று நுழையும் இன்லெட்டில் உள்ள மொத்தக் காற்றழுத்தத்தை பார் அளவில் காட்டும் மீட்டர் ஒன்றை அதில் மாட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு ஏறினோம். கோயம்புத்தூரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபோது 1.45 பார் காட்டிய முள், ஊட்டியில் 1.15ஐத் தாண்ட மறுத்தது. காரணம் எளிது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 0.96 பாரிலிருந்து 0.77க்கு இறங்கிவிடுகிறது. சூப்பர்சார்ஜர் எஞ்சின் வேகத்தோடு கட்டப்பட்டது என்பதால், கிடைக்கும் காற்றை ஒன்றரை மடங்காக்கித் தருவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

அந்தக் காரில் ஒரு டர்போவையும் சேர்த்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. டர்போவின் இயல்பு வேறு. வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுழலும் அது, காற்று மெலிந்த இடத்தில் இன்னும் வேகமாகச் சுழன்று பெரும்பகுதி இழப்பை ஈடுகட்டிவிடும். ஆனால் குறைந்த வேகத்தில், புகை போதாதபோது, அது தூங்கும். அந்த நேரத்தில் விழித்திருப்பது சூப்பர்சார்ஜர்தான். இரண்டையும் ஒரே எஞ்சினில் சேர்க்கும் எண்ணம் புதிதல்ல. 1985இல் ராலிப் போட்டிக்காக லான்சியா உருவாக்கிய டெல்டா எஸ்4இல் இரண்டும் இருந்தன. 1989இல் நிஸ்ஸான் மார்ச் சூப்பர் டர்போ வெறும் 930 சிசியில் 110 குதிரைத்திறன் தந்தது. 2005இல் ஃபோக்ஸ்வேகன் 1.4 லிட்டரில் 170 குதிரைத்திறனை எடுத்தது. அதில் சூப்பர்சார்ஜரை மின்காந்தக் கிளட்ச் மூலம் இணைத்து, டர்போ எழுந்தபின் கழற்றிவிட்டார்கள்.

மச்சான் கேட்டார்: "அதுல அரை பார், இதுல அரை பார், மொத்தம் ஒரு பார். அவ்வளவுதானுங்களே மாப்பிள்ளை?" பலரும் இங்கேதான் இடறுகிறார்கள். டர்போ தள்ளும் காற்றைச் சூப்பர்சார்ஜர் உள்ளிழுக்கும்படி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், அழுத்தங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. வெளிக்காற்றை 1 பார் என்று வைத்துக்கொள்வோம். டர்போ அதை ஒன்றரை மடங்காக்கினால் 1.5; அந்த 1.5ஐச் சூப்பர்சார்ஜர் மீண்டும் ஒன்றரை மடங்காக்கினால் 2.25. அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தமான பூஸ்ட் 1.25 பார். ஒரு பாருக்கென்று கணக்குப் போட்டு பெட்ரோலும், பிளக் தீப்பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கும் அமைத்தவரின் எஞ்சினுக்குள், அவர் எதிர்பாராத கால் பார் கூடுதலாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அழுத்தத்தைவிடக் கொடியது வெப்பம். பஞ்சர் கடையில் இருக்கும் இரட்டைச் சிலிண்டர் கம்ப்ரசரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு சிலிண்டர் பெரிது, மற்றொன்று சிறிது. பெரியதில் அமுங்கிய காற்று, தகடுகள் சுற்றிய குழாய் ஒன்றின் வழியாகச் சிறியதற்குள் போகும். அந்தக் குழாய் அங்கே இருப்பது காற்றைக் கொண்டுபோக மட்டுமல்ல, நடுவில் ஆற்றுவதற்கும்தான். நம் கதைக்கு வந்தால், 35 டிகிரி வெயில் காற்றை டர்போ ஒன்றரை மடங்கு அமுக்கும்போது அது ஏறத்தாழ 90 டிகிரியாகிறது. அதே சூட்டோடு ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜருக்குள் நுழைந்து மறுபடி அமுங்கினால், வெளியே வருவது 170 டிகிரியை ஒட்டிய காற்று.

இது எனக்குக் காகிதத்தில் தெரிந்திருந்தது. ஆனாலும் முதல் முறை மச்சானின் காரில் டர்போவை மாட்டியபோது, இடம் போதவில்லை என்று, அமுங்கிய காற்றை நடுவில் ஆற்றும் இன்டர்கூலரை விட்டுவிட்டு, கடைசியில் இருந்த பழைய இன்டர்கூலரே போதும் என்று நம்பினேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், 2.1 கிலோமீட்டர் ஓடுதளத்தின் நான்காவது சுற்றில், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியதுபோல் ஓர் ஒலி கேட்டது. உடனே நிறுத்தினோம். மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி விளக்கொளியில் திருப்பினேன். வெள்ளைப் பீங்கானின்மேல் மிளகுத்தூள் தெளித்ததுபோல் பளபளக்கும் பொடிகள் ஒட்டியிருந்தன. அவை அலுமினியம். பிஸ்டன் கரைந்து பிளக்கில் ஒட்டியிருந்தது. ஹெட்டை இறக்கி பிஸ்டனை உருவிப் பார்த்தபோது, முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலிருந்த மேட்டில் விரல் நகம் அளவுக்குத் துண்டு பெயர்ந்திருந்தது. சூடான கலவை, பிளக்கின் தீ வந்து சேருமுன் தானாகவே வெடித்த நாக்கிங்கின் வேலை அது. அந்தப் பிஸ்டன் இன்றும் என் மேசையில் இருக்கிறது.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளின் கம்ப்ரசர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கார் வேலையைத் தொட்டதில்லை. ஆனால் திருகு வகைக் கம்ப்ரசர்களோடுதான் அவருடைய வாழ்க்கையே கழிந்திருக்கிறது. பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்த அமுக்கறது பெருசில்லைங்க தம்பி. அமுக்குன காத்த ஆத்தறதுதான் வேல."

இரண்டாம் முறை அவர் சொல்லிலிருந்தே தொடங்கினேன். டர்போவுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில், முன் பம்பருக்குப் பின்னால் காற்று நேராக மோதும் இடத்தில், ஓர் இன்டர்கூலர் வைத்தேன். சூப்பர்சார்ஜரின் ஆயுளுக்கும் அது தேவை. உள்ளே சுழலும் ரோட்டர்களுக்கும் கூட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகச் சிறிது. கொதிக்கும் காற்றைத் தொடர்ந்து ஊட்டினால் ரோட்டர் விரிந்து கூட்டை உரசும். அடுத்து, எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டியதும் திறந்து, காற்றைச் சூப்பர்சார்ஜரைச் சுற்றிக்கொண்டு போகவிடும் பைபாஸ் வால்வு ஒன்றைச் சேர்த்தேன். டர்போ முழுமூச்சாக ஊதும் நேரத்தில் சூப்பர்சார்ஜரும் அமுக்கிக்கொண்டிருந்தால், அதைச் சுழற்ற எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் இழுக்கும் திறனும் வீண், கூடும் சூடும் வீண். வால்வு திறந்ததும் அது வெறுமனே சுழல்கிறது.

டர்போவிலிருந்து, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்புக்கு இறங்கும் ஆயில் குழாய் சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் பல பட்டறைகளில் நல்ல டர்போவைக் கெடுப்பது அதுதான். எண்ணெய் அங்கே தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. குழாய் எங்கும் பள்ளம் விழாமல் சரிந்து, சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லையேல் எண்ணெய் தேங்கி, சீலைத் தாண்டி நீலப் புகையாக வெளியேறும். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, கோவை கணபதியில் ஒரு பட்டறையில் தடித்த ஸ்டெயின்லெஸ் குழாயில் வெல்டு செய்து வாங்கினேன்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே இந்தக் கார் இப்போது லாரியில் ஏறி ஓடுதளத்துக்குப் போய், லாரியிலேயே திரும்புகிறது. எந்த மலைப்பாதையில் இந்த யோசனை பிறந்ததோ, அந்தப் பாதையில் இனி அது ஏறப்போவதில்லை. மச்சானுக்கு அதில் வருத்தம்தான்.

போன மாதம், எளிதில் தானாக வெடிக்காத 100 ஆக்டேன் பெட்ரோலில் பன்னிரண்டு சுற்றுகள் தொடர்ந்து ஓட்டினோம். இன்லெட்டில் காற்று 60 டிகிரியைத் தாண்டவில்லை. ஓட்டி முடித்ததும் நான்கு பிளக்குகளையும் கழற்றி அதே விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பீங்கான் இளம்பழுப்பாக, சுத்தமாக இருந்தது.