பின்பக்கத்தைக் காட்டு, பிள்ளை

2023 நவம்பர் முதல் பிரான்சில் கிழிந்த துணியைத் தைத்துக்கொள்ள உதவித்தொகை கிடைக்கிறது. பதிவு பெற்ற தையற்கடைக்குச் சட்டையையோ கோட்டையோ கொண்டுபோனால், வேலையைப் பொறுத்து 6 முதல் 25 யூரோ வரை பில்லிலேயே கழித்துவிடுகிறார்கள். புதுத்துணி விற்கும் நிறுவனங்கள் கட்டும் நிதியிலிருந்து அந்தப் பணம் கடைக்கு வந்துசேரும். பாரிஸில் நான் வேலை பார்க்கும் கடையும் அப்படிப் பதிவு பெற்றதுதான். முழங்கை தேய்ந்த ஸ்வெட்டரோடு வரும் இளைஞர்கள், நான் ஊசி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்று, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம், எங்கள் பள்ளியின் தையல் அறையில் என்று சொல்கிறேன். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்க மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது வேறு எதைப் பற்றியும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எழுபதுகளில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வகுப்பில் எங்களைப் போன்ற லயத்துப் பிள்ளைகளும், ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்து வந்தவர்களும், மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகளிலிருந்து வந்த ஓரிருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். குளிருக்கு எல்லாருக்கும் ஸ்வெட்டர் வேண்டும். புது ஸ்வெட்டர் வாங்க எல்லா வீட்டிலும் வழி இல்லை. தையல் டீச்சரின் பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

அண்ணன் போட்டு, அக்கா போட்டு, கை குட்டையாகிப்போன ஸ்வெட்டரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வார். ஓரத்தில் சரியான முடிச்சைத் தேடிக் கத்தரித்தால் நூல் சரசரவென்று பிரிந்து வரும். ஒருத்தி இழுக்க, ஒருத்தி கவிழ்த்த ஸ்டூலின் கால்களில் சுற்ற வேண்டும். பிரித்த கம்பளி நூல் நெளிநெளியாகச் சுருண்டிருக்கும். அப்படியே பின்னினால் கண்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழும். ஆகவே சிட்டமாகக் கட்டி, வெந்நீரில் அலசி, அடியில் ஒரு கல்லைக் கட்டி ஜன்னலில் தொங்கவிடுவோம். மலையில் மூடுபனிக் காலத்தில் அது காய நாளாகும். காய்ந்ததும் நூல் நேராகிவிடும். நூல் போதாவிட்டால் இன்னொருவர் வீட்டு நூலை வாங்கி நடுவில் ஒரு பட்டை. எங்கள் வகுப்பில் பட்டை இல்லாத ஸ்வெட்டரே அபூர்வம். அதைப் பார்த்து யாரும் யாரையும் ஏழை என்று நினைத்ததில்லை. இன்று பாரிஸில் பெரிய படிப்புப் படித்தவர்கள் மறுசுழற்சி என்று மேடையில் விளக்குவதைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் கல்லும் ஜன்னலும்தான் என் கண்ணில் நிற்கின்றன.

தைத்ததைக் காட்டப் போனால் டீச்சர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். "பின்பக்கத்தைக் காட்டு, பிள்ளை" என்பார். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது, நூல் வீணாகத் தாவியிருக்கிறதா, தையல் எத்தனை துவைப்புக்குத் தாங்கும், எல்லாம் அங்கே தெரிந்துவிடும். மதிப்பெண்ணும் அதற்குத்தான். ஊசிகள் பக்கத்துக் கேத்தியில் செய்தவை. 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. ஊசி தொலைந்தால் அது கிடைக்கும்வரை வகுப்பு முடியாது.

ஒரு முறை தோடர் தோழியின் பாட்டியை டீச்சர் வகுப்புக்கு அழைத்து வந்தார். ஆண்டு விழா மேடையில் நிறுத்தி மாலை போடுவதற்கு அல்ல, பாடம் எடுப்பதற்கு. பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவரே எங்களோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பாட்டி தம் பூத்துக்குளியை, அதாவது தோடர்கள் போர்த்தும் சால்வையை, மடியில் பரப்பினார். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி. நெய்யும்போதே சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் விழுந்தது. மலையில் பருத்தி விளையாது, துணி என்றுமே சமவெளித் தறிகளிலிருந்து ஏறி வந்ததுதான். அதைத் தோடருடையதாக்குவது பட்டைகளுக்கு நடுவே ஓடும் பூவேலை.

பாட்டி எதையும் வரைந்துகொள்ளவில்லை. வட்டச் சட்டமும் மாட்டவில்லை. இடது கட்டைவிரல் நகத்தால் இழைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஊசியை நுழைத்தார். இத்தனை இழை மேலே, இத்தனை இழை கீழே; திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் துளி தளர்த்தி விட்டார். அந்தத் தளர்வுகள் சேர்ந்து சேர்ந்து துணிக்கு மேல் ஒரு மேடு எழுந்தது. எருமைக் கொம்பு வடிவம் கண்ணெதிரில் உருவாவதைப் பார்த்தோம். ஒருத்தி துணியைப் புரட்டி, எது முன்பக்கம் பாட்டி என்று கேட்டாள். இரண்டு பக்கமும் உடுத்தலாம், ஆனால் சொரசொரப்பாக இருக்கிறதே அதுதான் எங்களுக்கு நல்ல பக்கம் என்றார் பாட்டி. டீச்சர் எழுந்துபோய்த் துணியைத் தொட்டுக் கும்பிட்டார். வருஷம் முழுக்க எங்களிடம் அவர் கேட்டதைத் தோடர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

பாட்டி ஓட்டிய தையல் அடிப்படையில் டார்னிங்தான். ஓட்டை விழுந்த ஸ்வெட்டரில் நான் ஒவ்வொரு நாளும் ஓட்டுகிறேனே, அதே எண்ணிக்கை, அதே மேல் கீழ். கிழிசலை அடைக்கும் வேலையை ஒரு மக்கள் கூட்டம் தன் அலங்காரமாகவே உயர்த்தி வைத்திருக்கிறது என்பதை யோசிக்க யோசிக்க எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

பள்ளி முடித்து என் தோழிகள் சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். உழைத்துத் தம்பி தங்கைகளைப் படிக்கவைத்தார்கள். அந்த ஊர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உலகத்துக்கு மலிவாகச் சட்டை கொடுத்ததற்கு அங்கே ஓடும் நொய்யல் ஆறு கொடுத்த விலையையும் மறக்க முடியாது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. விவசாயிகள் வழக்காடினார்கள், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை அதன் பிறகே அங்கே வேரூன்றியது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து, ஐரோப்பியக் கடைகளுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2013இல்தான்.

குறியீடு கிடைத்தது நல்லது. ஆனால் அது மட்டும் கையைக் காப்பாற்றாது. தோடர் வடிவத்தைத் துணியில் அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவருக்குப் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தால் அந்த ஏமாற்று அங்கேயே நின்றுவிடும்; அச்சுத் துணியின் பின்னால் நூலும் இல்லை, மேடும் இல்லை. ஒரு முழுச் சால்வைக்கு எத்தனை வாரம் உட்கார வேண்டும் என்று கையால் உணர்ந்தவர் பேரம் பேச மாட்டார். சில முறை உடுத்திவிட்டு எறியும் சட்டையையும் அவர் லேசில் வாங்க மாட்டார். அந்த அறிவு பத்து வயதில் விரலுக்குள் போக வேண்டும். கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் படிக்க வருகிறவருக்கு நிலைத்த ஆடை என்று ஒரு பாடம் வைப்பதில் தவறில்லை. ஆனால் துணி வாங்கும் பழக்கம் அதற்கு முன்பே படிந்துவிடுகிறது. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி நூற்பையும் கைத்தொழிலையும் கல்வியின் நடுவில் வைக்கச் சொன்னதை, அது ஏழைப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு என்று நாம் ஒதுக்கிவிட்டோம். என் அனுபவத்தில் அது கணக்குப் பாடத்துக்கும் பொருளாதாரப் பாடத்துக்கும் குறைந்ததல்ல.

டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது தையல் அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

நம் சங்கம் கணினி அறைக்குக் கொடுத்தது, கழிப்பறைக்குக் கொடுத்தது; இரண்டும் தேவையானவை. இந்த ஆண்டு நிதியைத் தையல் அறைக்கு ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவை வேண்டுகிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். ஆண் பிள்ளைகளும் கட்டாயம் உட்கார வேண்டும். எங்கள் காலத்தில் அவர்களை வெளியே விளையாட அனுப்பியது சரியல்ல. மந்துகளில் பூவேலை தெரிந்த பெண்களை விருந்தினராக அல்லாமல், மாதச் சம்பளத்தோடு ஆசிரியராக அமர்த்த வேண்டும். எந்த வடிவத்தைச் சொல்லிக்கொடுக்கலாம், எதைத் தம் மக்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்வது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். துணி, நூல், ஊசிச் செலவில் பாதியை நான் ஏற்கிறேன். மீதியைப் பகிர்ந்துகொள்ள முன்வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பள்ளி ஜூனில் திறக்கிறது. அதற்குள் முதலில் அந்த பெஞ்சுகளை வெளியே எடுக்க வேண்டும்.