குப்பை மண்டிய பூங்காவில் காசு தேட: 11 இன்ச் காயிலா, 6 இன்ச் காயிலா?

அமெரிக்க நகரங்களின் பழைய பூங்காக்களில் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினால் அடிக்கு அடி சத்தம் வரும். பெரும்பாலும் ஆணி, சோடா மூடி, சிகரெட் பாக்கெட்டின் அலுமினியத் தாள், பானக் கேன்களிலிருந்து பிய்த்துப் போட்ட வளையம். 1960களில் வந்த இந்தப் பிய்த்தெறியும் வளையங்கள் பதினைந்து வருடத்துக்கு மேல் புல்தரையில் விழுந்துகொண்டே இருந்தன. 1964 வரை அச்சான டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. அவையும் அதே மண்ணில், அதே குப்பைக்கு நடுவில்தான் கிடக்கின்றன.

காசு கிடைக்காவிட்டால் ஆழம் போதவில்லை என்று நினைத்து, டிடெக்டர் தண்டின் நுனியில் தரையை உணரும் தட்டான காயிலைப் பெரிதாக மாட்டுவது பலருடைய வழக்கம். குப்பை நிலத்தில் இது நேர் எதிரான வேலை. காயிலுக்கு அடியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று உலோகங்கள் இருந்தால், டிடெக்டருக்குக் கிடைப்பது எல்லாம் கலந்த ஒரே சிக்னல். ஆணியும் டைமும் சேர்ந்தால், உலோகம் எது என்று திரையில் காட்டும் எண் கீழே இறங்கும், அல்லது இரும்பு என்றே காட்டிவிடும். 11 இன்ச் வட்டக் காயிலின் பரப்பு சுமார் 95 சதுர இன்ச். 6 இன்ச்சுக்கு 28. ஒரே சமயத்தில் அடியில் சிக்கும் குப்பை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

ஆழத்தில் எவ்வளவு இழக்கிறோம்? ஒரே சுற்று எண்ணிக்கை, ஒரே மின்னோட்டம் என்று வைத்து, காயிலின் நடு அச்சில் காந்தப்புலத்தைக் கணக்குப் போட்டால், சுமார் 7 செ.மீ. ஆழம் வரை 6 இன்ச்தான் வலுவானது. 20 செ.மீ.யில் 11 இன்ச்சின் புலம் இரண்டு மடங்குக்கும் மேல். சிக்னல் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் வித்தியாசம் ஐந்து மடங்கைத் தொடும். ஆக, ஆழத்தில் சின்னக் காயில் தோற்பது உண்மை. ஆனால் 20 செ.மீ.யில் கிடக்கும் காசுக்கு மேலே மூன்று வளையங்கள் கிடந்தால், பெரிய காயிலாலும் அதைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது.

டிடி வகைக் காயிலில் (உள்ளே D வடிவக் கம்பிச் சுற்றுகள் இரண்டு இருக்கும்) இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு சுற்றுகளும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடம், முன்னிருந்து பின்வரை ஒரு ஒடுங்கிய பட்டையாக ஓடும். பிரதானமாகப் 'பார்ப்பது' அந்தப் பட்டைதான். பக்கவாட்டில் வீசும்போது இடது, வலது குப்பைகள் நன்றாகப் பிரியும். முன்னும் பின்னுமாகக் கிடப்பவை பிரியாது, ஏனென்றால் இரண்டும் பட்டைக்குள் ஒன்றாகவே விழுகின்றன. பட்டையின் நீளம் குறைந்தால்தான் அதற்கு விடிவு. 5×9.5 இன்ச் நீள்வட்டக் காயிலிலும் பட்டை 9.5 இன்ச் நீளம்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பூங்கா புல்தரைக்கு நீள்வட்டம் நல்ல சமரசம். நடையும் சீக்கிரம் முடியும். ஆணி கொட்டிக் கிடக்கும் இடித்த வீட்டு மனைக்கு 5 அல்லது 6 இன்ச் வட்டம்தான் என் தேர்வு.

வாங்கும் முன் நண்பருடைய காயிலை இரவல் வாங்கியாவது ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு அடிச் சதுர ப்ளைவுட் பலகை, 5 செ.மீ. நீள இரும்பு ஆணி மூன்று, ஒரு டைம். காசை நடுவில் வைத்து, ஆணிகளை அதைச் சுற்றி 3, 4 செ.மீ. தள்ளிப் படுக்கவைத்து டேப் ஒட்டுங்கள். உலோகம் இல்லாத தரையில் பலகையைப் போட்டு, காயிலை 5 செ.மீ. உயரத்தில் நான்கு திசைகளிலிருந்தும் வீசுங்கள்: வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு, இரண்டு மூலைவிட்டங்கள். காசுச் சத்தம் எத்தனை திசையில் தெளிவாக வருகிறது என்று குறித்துக்கொண்டு, காயிலை மாற்றி மறுபடியும் செய்யுங்கள். டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகங்களின் சத்தத்தை மறைக்கும் வசதி) முழுக்க அணைத்து ஒரு தடவை, இரும்பை மட்டும் மறைத்து ஒரு தடவை. ஆணியை மறைக்கச் சொன்னதும் பக்கத்துக் காசும் சேர்ந்து காணாமல் போவதைக் காதாலேயே கேட்கலாம்.

அதனால் களத்தில் டிஸ்கிரிமினேஷனை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைவாக வையுங்கள். இரும்புக்குத் தாழ்ந்த சத்தம் ஒலிக்கட்டும். ரெக்கவரி ஸ்பீடு மாற்றும் வசதி இருந்தால் கூட்டுங்கள். ஒரு பொருளைக் கடந்து அடுத்ததைக் கேட்க டிடெக்டர் எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும். வளையங்களை மட்டும் மறைக்கலாமே என்று தோன்றும். ஐந்து சென்ட் நிக்கல் காசு (75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல்) விழும் எண்ணும் வளையங்களின் எண்ணும் பெரும்பாலான டிடெக்டர்களில் ஒட்டியே வருகின்றன. மறைத்தால் நிக்கல் போச்சு, சின்னத் தங்க மோதிரமும் போச்சு.

காயிலை மாற்றியதும் கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணிலுள்ள கனிமத்தின் சிக்னலை ஈடுகட்டும் அமைப்பு) மறுபடி செய்தே ஆக வேண்டும். கேபிளைத் தண்டில் இறுக்கிச் சுற்றுங்கள். காயிலுக்குப் பக்கத்தில் தொளதொளவென்று ஆடும் கேபிள் பொய்ச் சத்தம் தரும். அடி உறைக்குள் சேரும் ஈர மண்ணும் அப்படித்தான், கழற்றிக் கழுவுங்கள். வீச்சின் இரு முனையிலும் கை தன்னையறியாமல் 3 செ.மீ. போல உயரும். சின்னக் காயிலின் புலம் தூரத்தோடு வேகமாக விழுவதால், அந்த 3 செ.மீ. இங்கே அதிகம் வலிக்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன்மேல் பாதியாவது படிய வேண்டும்.

சின்னக் காயிலின் ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன்: மேல்மண்ணில் கிடக்கும் பொடி அலுமினியத் துண்டு கூடக் கணீரென்று கேட்கும். காதுக்கு வேலை கூடும், பொறுமை வேண்டும்.

சோடா மூடிதான் டிடி காயிலின் பெரிய எதிரி. தட்டையான எஃகுத் தகடு என்பதால் நல்ல காசு மாதிரி உயர்ந்த எண் காட்டும். சத்தம் வந்த இடத்தில் காயிலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, முன்நுனி மட்டும் அதன்மேல் போகும்படி ஆட்டுங்கள். மூடியென்றால் பெரும்பாலும் சத்தம் உடைந்து இரும்பு உறுமல் கலக்கும். காசென்றால் அதே சுருதியிலேயே தேய்ந்து மறையும். நூற்றுக்கு நூறு சரி வராது, ஆனாலும் வெட்டி வேலை நிறைய குறையும். பழைய கான்சென்ட்ரிக் காயில்கள் (ஒரு வட்டச் சுற்றுக்குள் இன்னொரு வட்டச் சுற்று) மூடியை இதைவிட நன்றாக இனம் காட்டும். கனிமம் அதிகமுள்ள மண்ணில் அவைதான் தடுமாறும்.

குப்பையை எடுத்த குழியை அப்படியே மூடிவிடாதீர்கள். காயிலை மறுபடி ஒருமுறை அதன்மேல் ஓட்டுங்கள். மேலே கிடந்த வளையம் போனதும் அடியில் இருந்த காசு அப்போதுதான் வாய் திறக்கும். ஒரு திசையில் மட்டும் துள்ளி வரும் உயர் சத்தத்தை, இரும்புக்கு ஒட்டி வந்தாலும், 90 டிகிரி திரும்பி நின்று ஒருமுறை கேளுங்கள். அங்கேயும் லேசாக எட்டிப் பார்த்தால் தோண்டுங்கள்.

ஒரு பகுதியில் மேல்குப்பையை இப்படி வாரி எடுத்தபிறகு 11 இன்ச் காயிலை மாட்டுங்கள். சென்சிட்டிவிட்டியைக் கூட்டி, மெதுவாக நடங்கள். அதன் ஆழம் உண்மையில் பயன்படுவது அப்போதுதான்.